தம்பியின் நாய் எங்களோடு இருந்த ஐந்து மாதம்

தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று உறுதியான அன்று அவன் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீடு நகரத்தின் தெற்குப் புறத்தில், மனுரேவாவில். அவன் வாடகைக்கு இருந்த வீடு காரில் பத்து நிமிடத் தூரம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையடியில் வந்து இருந்தான். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், அவன் தொடவில்லை. வைத்தியர் சொன்னதை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தான். அதற்குப் பிறகு நாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

"அக்கா, அவனை ஆர் பாப்பினம்?"

"நான் பாக்கிறன்."

"உங்களிட்டை ஏற்கெனவே ரெண்டு நிக்குது."

"ரெண்டு நிக்கிற வீட்டிலை மூண்டாவது நிக்காதோ?"

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். "வேலையிலை ஒருத்தர் கேட்டவர். சமோவாக்காரர். அவற்றை பிள்ளையளுக்கு இவனிலை சரியான விருப்பம். அவரிட்டைக் குடுப்பமோ எண்டும் யோசிச்சனான்."

"விசர்க்கதை கதையாதை. நான் இருக்க ஏன் பிறத்தியாரிட்டைக் குடுப்பான்?"

இதைச் சொன்னபோது எனக்கு நாயைப் பற்றி ஒரு நினைப்பும் இருக்கவில்லை. தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவள் நான்தான். அவனுடைய முதல் வேலை, முதல் கார், முதல் வாடகை வீடு எல்லாவற்றுக்கும் நான் கூடப் போயிருக்கிறேன். நாற்பத்தாறு வயதாகியும் கலியாணம் கட்டாமல் இருந்தவனுக்கு ஒன்று தேவைப்பட்டால் அக்காதான் செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவனுடைய நாய் ஹண்ட்அவே கலப்பு. இங்கே பண்ணைகளில் குரைத்தே ஆடுகளைக் கலைக்கிற இனம். கறுப்பு உடம்பு, மண்ணிறக் கால்கள், கன்றுக்குட்டி மாதிரி உயரம். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்பேட்டையில் தம்பி வேலை செய்த களஞ்சியத்துக்குப் பின்னால் குட்டியாக அலைந்துகொண்டிருந்தவனைத் தூக்கி வந்து நாலு வருடமாகத் தனியே வளர்த்தான். தம்பி வைத்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை அவன் கூப்பிடுகிற மாதிரித்தான் எனக்குக் கேட்கும்.

அந்த நாய் மனிதர்களோடு நல்லவன். மற்ற நாய்களைக் கண்டால் பயம். பயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குரைப்பான். அது தெரியாதவர்களுக்குக் கோபம் என்றுதான் தோன்றும்.

எங்களிடம் இருந்த இரண்டு நாய்களில் மூத்தவள் லாப்ரடோர் கலப்பு, பதினொரு வயது. இடுப்பு மூட்டில் வாதம் வந்து, எழும்பும்போது முனகுவாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் இருந்து அவளோடு வளர்ந்தவள். சின்னவன் ஒரு டெரியர் கலப்பு. முழங்கால் உயரம்கூட இல்லை. மூத்தவளுக்குத் தான்தான் காவல் என்று நினைத்துக்கொண்டு திரிவான்.

நாய்களைப் பழக்கிவிடுகிற ஒரு பெண்மணியைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர் வந்து மூன்று நாய்களையும் தனித்தனியாகப் பார்த்தார். "முடியும், ஆனால் அவசரப்படக் கூடாது" என்றார். முதலில் வீட்டுக்குள் வேண்டாம், பொது இடத்தில் சந்திக்க வேண்டும். நடக்கும்போது தூரம் வைத்து நடக்க வேண்டும். அவன் படுக்கிற போர்வையை இவர்களுக்கும் இவர்களுடையதை அவனுக்கும் மணக்கக் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் எடுக்கும்.

அவ்வளவு காலம் தம்பிக்கு இருக்கிறதா என்று அவரிடம் நான் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமைகளில் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். முதல் சனிக்கிழமை ஐம்பது அடி தள்ளித் தள்ளி நடந்தோம். தம்பி தன் நாயைப் பிடித்துக்கொண்டு புல்வெளியின் அந்தப் பக்கம். நானும் என் கணவரும் இந்தப் பக்கம். தம்பியின் நாய் குரைத்த குரைப்பில் வாத்துகள் எல்லாம் குளத்துக்குள் இறங்கிவிட்டன. இரண்டாவது கிழமை இருபது அடி. மூன்றாவது கிழமை ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக நடந்தோம். தம்பிக்கு மூச்சு வாங்கியது. பாதையோர மர வாங்கில் இருந்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டான். மூத்தவள் தன் பாட்டில் நொண்டி நொண்டிப் போய் அவனுடைய நாயின் பின்பக்கத்தை மணந்தாள். அவன் அசையாமல் நின்றான். பிறகு அவனும் அவளை மணந்தான். மூன்று செக்கன் இருக்கும். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லை மணக்கத் தொடங்கினார்கள்.

தம்பி சிரித்தான். நோய் என்று தெரிந்த பிறகு அவன் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாத்தியளோ அக்கா, பெரியம்மா ஓம் எண்டிட்டா."

அன்றைக்கு எல்லாம் சரிவரும் என்றுதான் நானும் நம்பினேன்.

அடுத்த புதன்கிழமை அவனுக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யூன் மாதம், இங்கே குளிர்காலம், விடாத மழை. என் கணவர் வேலை முடிந்து வரும் வழியில் தம்பியின் வீட்டுக்குப் போய் நாயை ஏற்றிக்கொண்டு வந்தார். வேறு வழி இருக்கவில்லை. பழக்கிவிடுகிற பெண்மணிக்கு அழைத்துச் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்புக் கதவுகள் வாங்கி வீட்டைப் பிரிக்கச் சொன்னார். ஒருவர் வெளியே நிற்கும்போது மற்றவர் உள்ளே. சாப்பாடு தனித்தனி அறையில். விளையாட்டுச் சாமான் ஒன்றும் நிலத்தில் கிடக்கக் கூடாது.

எந்த நேரம் எந்த நாய் எங்கே என்று மகள் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. படிப்பதற்கு நூலகத்துக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒரு நாய் அழுதுகொண்டிருந்தது.

முதல் பத்து நாள் அப்படியே ஓடியது. பதினோராவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தை வெறுமையாக்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு கையிலும் கூடை. தடுப்புக் கதவைக் காலால் தள்ளிவிட்டு, அது பூட்டிவிட்டது என்று நினைத்தேன். பூட்டவில்லை. மூத்தவள் வீட்டு நடையில் படுத்திருந்தாள். தம்பியின் நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். அவளைத் தாண்டித்தான் என்னிடம் வரவேண்டும். அவள் எழும்ப முடியாமல் உறுமினாள். அவன் நின்றுவிட்டான், பின்னுக்குப் போகப் பார்த்தான். அந்த நேரம் சின்னவன் குசினிக்குள் இருந்து பாய்ந்து வந்து அவன் முகத்தைக் கவ்விக்கொண்டு தொங்கினான்.

என் கணவர் போர்வையைப் போட்டுப் பிரிப்பதற்குள் சின்னவனுடைய காது கிழிந்து தோளில் ஆழமான காயம். தம்பியின் நாய்க்கு மூக்குக்கு மேலே நீளமாக ஒரு வெட்டு. சின்னவனுக்கு ஒன்பது தையல். தம்பியின் நாய் குளியலறை மூலைக்குள் போய் நின்று நடுங்கினான். நான் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தரையில் மூத்திரம் போய்விட்டான்.

அடுத்த நாள் தம்பியை ஆஸ்பத்திரியில் இருந்து இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். இனி வைத்தியம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் போனபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அவன் என்ன மாதிரி?"

"நல்லாயிருக்கிறான்," என்றேன். "சோக்காய்ப் பழகிட்டான்."

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். சாகப் போகிறவர்களோடு பதினைந்து வருடமாக இருக்கிறேன். பிள்ளைகள் வந்து, அம்மாவுக்கு இதைச் சொல்லலாமா, அப்பாவுக்கு அதைச் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்றுதான் சொல்லுவேன். என் தம்பியிடம் என்னால் அது முடியவில்லை.

ஒரு பொய் சொன்னால் அதைப் பராமரிக்க வேண்டும். அவன் படம் கேட்டான். தடுப்புக் கதவின் இந்தப் பக்கம் மூத்தவள் படுத்திருக்கிறபோது, அந்தப் பக்கம் தம்பியின் நாய் படுத்திருந்தான். நான் கதிரையில் ஏறி மேலே இருந்து படம் எடுத்தேன். கதவின் மேல்சட்டம் மட்டும் குறுக்கே தெரிந்தது. கைத்தொலைபேசியிலேயே அதை அழித்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நாயும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. தம்பி அதைத் தாதிமார் எல்லாருக்கும் காட்டினான்.

அன்று வீட்டில் என் கணவர் கேட்டார். "நீர் ஏன் அவனுக்கு உப்பிடிச் சொல்லுறீர்?"

"இன்னும் கொஞ்ச நாள்தானே. நிம்மதியாய் இருக்கட்டும்."

"அந்தச் சமோவாக்காரர் இருக்கிறாரெல்லே. அவனே கதைச்சு ஒழுங்கு பண்ணியிருப்பான்."

"அவன் என்னை நம்பித்தான் விட்டவன்."

அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துகிற கராச்சுக்குப் போனார். அந்தக் காலத்தில் அவர்தான் கராச்சுக்குள் கட்டில் போட்டுத் தம்பியின் நாயோடு படுத்தார். அவனைத் தனியே விட்டால் கதவைச் சுரண்டி நகம் எல்லாம் இரத்தமாக்கிக்கொள்வான்.

யூலை கடைசியில் நாயைக் கூட்டிவரலாம் என்று இல்லத்தில் அனுமதி தந்தார்கள். தோட்டத்துப் பக்கக் கதவால் அவனைக் கூட்டிப்போனேன். அவன் அந்த நீள நடையில் தரையை மணந்துகொண்டே போய், சரியான கதவடியில் தானாக நின்றான். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் முன்னங்கால் இரண்டையும் மெதுவாக மெத்தையில் வைத்தான். அவ்வளவு பெரிய நாய், தம்பியின் உடம்பில் பாரம் போடாமல் எட்டி நின்று அவன் கையை நக்கினான். குரைக்கவில்லை. தொண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தம்பியின் விரல்கள் எலும்பாகியிருந்தன. அந்த விரல்களால் நாயின் நெற்றியைத் தடவினான், காதைத் தடவினான். மூக்குக்கு மேலே வந்தபோது விரல் நின்றது. காயம் ஆறி, மயிர் முளைக்காமல் ஒரு கோடாக இருந்தது.

"இது என்ன அக்கா?"

"வேலிக் கம்பி கிழிச்சுப்போட்டுது."

சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டு வேலி முழுக்க மரப் பலகை. போன கோடையில் பழைய வேலியைக் கழற்றிப் புதிதாக அடித்தபோது என் கணவரோடு சேர்ந்து ஒவ்வொரு பலகையையும் பிடித்தவன் தம்பி.

அவன் என்னைப் பார்க்கவில்லை. விரலை அந்தக் கோட்டின் மேலேயே வைத்திருந்தான். வெளியே யாரோ சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மூண்டும் ஒத்துப்போகுதோ அக்கா?"

உண்மையைச் சொல்ல அவன் எனக்கு இன்னொரு தரம் இடம் தந்தான். இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இவனுக்கு முன்னால் நான் தோற்கக் கூடாது என்பது.

"ஓம். இப்ப எல்லாம் ஒண்டாய்த்தான் படுக்குதுகள்."

"அப்ப சரி," என்றான்.

கண்ணை மூடிக்கொண்டான். நித்திரை என்று நினைத்து நான் எழும்பினேன். கண்ணைத் திறக்காமலே, "அவனைக் கொஞ்சம் விட்டிட்டுப் போங்கோ," என்றான். நான் நடையில் போய் இருந்தேன். முக்கால் மணித்தியாலம். உள்ளே அவன் நாயோடு கதைக்கிற சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள் உயிரோடு இருந்தான். நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்கு அவனுடைய வேலைத்தலத்தில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள். சமோவாக்காரரும் மனைவியும் பிள்ளைகளும் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் தங்கள் மொழியில் பாடினார்கள். அன்று அவரிடம் எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு அவருக்கு அழைத்தேன். நாயை இன்னமும் விரும்புகிறீர்களா என்று கேட்டேன்.

அவர் மிகவும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு குட்டி எடுத்துவிட்டார்களாம். வாடகை வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதியாம். எடுக்கும் முன்பு தம்பியிடம் போய்க் கேட்டாராம். உங்கள் நாய்க்கு வீடு தேவைப்பட்டால் நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொன்னாராம். தம்பி படத்தைக் காட்டினானாம். அக்கா வீட்டில் நன்றாகப் பழகிவிட்டான், நீங்கள் குட்டியை எடுங்கள் என்றானாம்.

"எப்ப கேட்டனீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

யூலை நடுவில் என்றார். நான் வேலிக் கம்பி என்று சொல்வதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு.

அப்படியென்றால் அன்று கட்டிலில் கிடந்தபடி அந்தக் காயத்தில் விரலை வைத்திருந்தபோது, தன் நாய்க்கு இருந்த மற்ற வீட்டையும் தானே மூடிவிட்டது அவனுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் "அப்ப சரி" என்றானா? அல்லது உண்மையிலேயே என்னை நம்பினானா? நான் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் தம்பியின் நாயை வைத்திருந்தேன். பிடிவாதம். தம்பிக்குச் சொன்ன பொய்யைப் பிந்தியாவது உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். பழக்கிவிடுகிற பெண்மணி கிழமைக்கு ஒரு தரம் வந்தார். தம்பியின் நாய்க்கு வாய்க்கூடு போட்டுப் பழக்கினோம். திரும்பவும் பூங்காவுக்குப் போனோம். வெளியே ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தார்கள். வீட்டு வாசற்படி ஏறியதும் சின்னவனுடைய உடம்பு விறைத்துவிடும்.

ஒக்டோபரில் ஒரு மாலை மூத்தவளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். கராச் கதவைத் திறந்துகொண்டு தம்பியின் நாய் உள்ளே வந்துவிட்டான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் கையை நீட்டினேன். கடித்தது மூத்தவள். பதினொரு வருடத்தில் ஓர் ஈயைக்கூடக் கடிக்காதவள், என் உள்ளங்கையைக் கடித்துவிட்டாள். கடித்தது என் கை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நொண்டுகிற இடுப்போடு அவ்வளவு சின்ன இடைவெளிக்குள் எப்படிப் புகுந்தாள் என்று தெரியவில்லை. அடுத்த நாள் காலைவரை வெளியே வரவில்லை.

மகள் அந்த இயந்திரத்தடியில் தரையில் இருந்தபடி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். மாமாவுக்காகச் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் இவளுக்கு இருப்பது இன்னும் கொஞ்சக் காலம்தான். அதையும் கதவுக்குப் பின்னாலேயே கழிக்க வேண்டுமா?

அவள் என்னைக் குறைகூறவில்லை. அழுதுகொண்டு கேட்டாள்.

பழக்கிவிடுகிற பெண்மணிதான் இடம் பார்த்துத் தந்தார். தெற்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் மாட்டுப் பண்ணை. வயது போன கணவனும் மனைவியும். அவர்களுடைய நாய் செத்து ஒரு வருடம். வேறு நாய் இல்லை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை கொண்டுபோனோம். மழை இல்லை, நல்ல வெயில். தம்பியின் வேலை ஜாக்கெட் ஒன்று இருந்தது, மஞ்சளில் மினுங்கும் பட்டி போட்டது. நாய் அதில்தான் படுப்பான். துவைக்காமல் வைத்திருந்த ஒரே உடுப்பு அது. அதை அவனோடு கொடுக்க மனமில்லாமல் மடித்து என் மடியில் வைத்திருந்தேன். பண்ணைக்காரப் பெண் அவனுடைய போர்வை எங்கே என்று கேட்டபோது அதைத்தான் கொடுத்தேன்.

நாங்கள் காரை எடுத்தபோது அவன் பண்ணை வாசல் படலை வரை ஓடிவந்தான். குரைக்கவில்லை. தலையைச் சரித்துக்கொண்டு நின்றான். இவர்கள் எதையோ எடுத்துவரப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

பெப்ரவரியில் அந்தப் பெண் எங்களை வரச் சொல்லிச் செய்தி அனுப்பினார். போனோம். தூரத்திலேயே எங்கள் காரை அடையாளம் கண்டு ஓடிவந்தான். உடம்பு வைத்து, மயிர் மினுங்கிக்கொண்டிருந்தது. என் கணவருடைய தோளில் இரண்டு கால்களையும் போட்டு முகத்தை நக்கினான். செத்தவீட்டில்கூட அழாதவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். என்னையும் மணந்தான், கையை நக்கினான். பிறகு எங்களை விட்டுவிட்டுக் காரடிக்குப் போனான். முன் கதவடி, பின் கதவடி, மற்றப் பக்கம், டிக்கியடி. இரண்டு சுற்று. நான் எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். ஏறிப் பார்த்தான். பின் சீற்றில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றான். பிறகு இறங்கி எங்களுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தான்.

அந்தப் பெண் தூரத்தில் இருந்து சீழ்க்கை அடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு அவரிடம் போனான்.

திரும்பி வரும்போது என் கணவருக்குப் பக்கத்தில் முன் சீற்றில் இருந்தேன்.

"அவன் தம்பியைத்தான் தேடினவன்," என்றேன்.

"ஓம்."

"நான் தம்பிக்கு உண்மையைச் சொல்லியிருக்கோணும்."

இவர் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். பிறகு சொன்னார்.

"ஓம். சொல்லியிருக்கோணும்."

ஆறுதலாக வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கையை என் முழங்காலில் வைத்தார். தெற்கில் இருந்து எங்கள் நகரத்துக்கு ஏறி இறங்குகிற பொம்பே மேட்டில் வாகனங்கள் நெருங்கி நின்று, மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதுகொண்டு வந்தேன்.